ஓட்டியவர்: டொக்டர் அரியரட்ணம்

"உப்புக் காணுமோ எண்டு பாரும்."

பத்மராணி அக்கா ஒரு கட்லட்டைப் பிய்த்து என் வாயருகே நீட்டினா. வாங்கி மென்றேன்.

"காணும் அக்கா. கடிதம் என்ன மாதிரி?"

"வந்து கால் மணித்தியாலம் ஆகேல்லை. கடிதம், கடிதம்! அடுப்பைப் பாரும், எண்ணெய் புகையுது."

"நான் கட்லட் பொரிக்க வரேல்லை. டொக்டர் வரச் சொன்னவர், வந்தனான்."

"விருந்துக்குத்தானே வரச் சொன்னவர்?"

"கடிதத்துக்கு."

அக்கா அடுத்த கட்லட்டை எண்ணெய்க்குள் விட்டா. அது சீறியது. நானும் சீறிக்கொண்டுதான் நின்றேன், சத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஹூஸ்டன், 1986 மார்ச். கச்சா எண்ணெய் விலை விழுந்து ஊரில் பாதிப் பேருக்கு வேலை போயிருந்தது. எனக்கு வேலை இருந்தது. ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைக்கிற வேலை. யாழ்ப்பாணத்தில் படித்துத் தேறிய மருத்துவிச்சி நான். சாம்பியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் டொக்டர் அரியரட்ணத்தின் கீழ் வேலை செய்தவள். அந்த நாலு வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசி என் கையில்தான் விழுந்தன. அமெரிக்காவில் அதை யார் கேட்டார்கள்? மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரே ஒரு பள்ளி மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்தது. தனியாக இருபது பிள்ளைப்பேறாவது பார்த்தவள் என்று, கூட வேலை செய்த டொக்டர் கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தால் சோதனை எழுத விடுவார்களாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் கையில் கிடைக்க வேண்டும்.

டொக்டர் ஒரு கடிதம் அனுப்பித்தான் இருந்தார். "பேறுகளின்போது எனக்கு உதவியாக இருந்தார்" என்று.

உதவியாக! சுடுதண்ணீர் தூக்கி வந்தவளுக்கு எழுதுகிற மாதிரி.

மூன்று தரம் ஃபோன் எடுத்தேன். மூன்றாம் தரம், "சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வாரும் மேர்சி, ஆறுதலாக் கதைப்பம்" என்றார். வந்து பார்த்தால் வாசலில் ஏழெட்டுக் கார். மகள் சுகிர்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசாம். அதற்கு விருந்து. வந்த என்னை அக்கா நேரே அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனா.

"என்ன கட்டுரை அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, கை துடைக்கத் துணி தேடினா.

"அப்பாவைப் பற்றி."

"அப்பாவைப் பற்றி என்ன?"

"அந்த மோட்டார் சைக்கிள் கதைதான்."

ஹோலில் டொக்டர் தொடங்கிவிட்டார். அவர் குரல் எப்போதும் வார்டு முழுக்கக் கேட்கும் குரல்.

"எழுபத்தொன்பதாம் ஆண்டு, ஓகஸ்ட் மாசம். விடிய நாலரை. அங்க ஓகஸ்டில குளிர் எண்டால் குளிர். ஆஸ்பத்திரி வயர்லெஸ் ரேடியோவில செய்தி வருது. நூற்றிப் பத்துக் கிலோமீற்றருக்கு அங்கால, ஆத்துக்கு அந்தக் கரையில எங்கட சின்னக் கிளினிக் ஒண்டு. ரெட்டைப் பிள்ளை. முதல் பிள்ளை பிறந்திட்டுது, ரெண்டாவது குறுக்க கிடக்கு. எங்கட ஜீப்போ அச்சு முறிஞ்சு கிடக்கு. இருந்தது ஒரேயொரு மோட்டார் சைக்கிள்."

"அடேயப்பா!" என்றது ஒரு ஆண்குரல். அது சந்தானம். பக்கத்து வீட்டு மெட்ராஸ்காரர், எண்ணெய்க் கம்பெனியில் வேலை போய் மூன்று மாதம். "என்ன பைக் சார்?"

"ஜப்பான் வண்டி. நூற்றி இருபத்தைஞ்சு."

"டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?"

"அதெல்லாம் ஆருக்கு ஞாபகம்! நெஞ்சில பத்திரிகைத் தாளைச் சுத்தி, அதுக்கு மேல ஸ்வெட்டரைப் போட்டன். காத்து உள்ள போகாது, பாருங்கோ."

கட்லட் தட்டைத் தூக்கியிருந்த என் கை நின்றது. பத்திரிகைத் தாள் சுற்றியது என் நெஞ்சில். அதற்கு மேல் போட்டது ஆஸ்பத்திரி நீல ஸ்வெட்டர், இடது முழங்கை கிழிந்தது.

"அக்கா, இவர் என்ன சொல்லுறார்?"

"சும்மா இரும் மேர்சி. பிள்ளைக்காகத்தானே."

"அண்டைக்கு இவர் எங்க கிடந்தவர்?"

"எனக்குத் தெரியாதே? மலேரியா. நூற்றி நாலு காய்ச்சல். ஈரத்துணி போட்டது நான்தான். இப்ப அதைச் சொல்லி என்ன வரப்போகுது?"

"அப்ப வண்டியில போனது ஆர்?"

அக்கா அடுப்பைக் குறைத்தா.

ஹோலில் கதை ஓடிக்கொண்டிருந்தது. "வெறும் மணல் பாதை. மணலில பிரேக் பிடிச்சாலும் விழுவம், பிடிக்காட்டிலும் விழுவம். ரெண்டு காலையும் தாரா மாதிரி விரிச்சுக்கொண்டு போகவேணும்." எல்லோரும் சிரித்தார்கள். தாரா என்ற அந்த வாத்து உவமையைச் சொன்னது நான். "ஐம்பது கிலோமீற்றரில வண்டி இருமத் தொடங்கிச்சு, இழுப்பு வந்த கிழவன் மாதிரி." அதுவும் நான் சொன்னது. அன்றிரவு அவர் கட்டில் காலடியில் நின்று, பல் கிட்டக் கிட்ட நான் சொன்ன அதே சொல். "பெற்றோல் முடிஞ்சுது. நடுக் காடு. எனக்கு அழுகை வந்திட்டுது, உண்மையைச் சொல்லுறன்."

என் பயத்தையும் எடுத்துவிட்டார். வண்டியை எடுத்தார், குளிரை எடுத்தார், சரி. நான் அழுததைக்கூட எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார்.

சந்தானம் விடவில்லை. "ரிசர்வ் போட்டேளா சார்?"

"என்ன?"

"ரிசர்வ். பெட்ரோல் முடியறச்சே ரிசர்வ்ல திருப்புவோமே."

"அந்த வண்டியில அதெல்லாம் இல்லை."

"இல்லாம எப்படி சார்? மெட்ராஸ்ல நான் பத்து வருஷம் பைக்ல சுத்தினவன். எல்லா வண்டியிலேயும் உண்டே!"

"ஏன்னா, அவர் சொல்றாரோன்னோ, சும்மா இருங்கோ," என்றா அவர் மனைவி ஜலஜா. "வேலை இல்லாதவாளுக்கு இதுதான் வேலை."

நான் தட்டோடு ஹோலுக்குள் போனேன்.

"இருந்தது. டாங்கிக்குக் கீழ, இடப்பக்கம், சின்னப் பித்தளைத் திருகு. வண்டியை நிப்பாட்டாமல் இடக்கையை விட்டுத் திருப்பவேணும். விரல் விறைச்சுப் போனதால முதல் தரம் பிடிபடேல்லை."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. டொக்டர் சிரித்தார். வார்டில் மேற்பார்வைக்கு ஆள் வந்தால் சிரிக்கிற சிரிப்பு.

"இவ மேர்சி. சாம்பியாவில என்னோட வேலை செய்தவ. மேர்சி, அந்தத் தட்டை அங்கால குடும்."

நான் தட்டைக் கொடுக்கவில்லை.

"மேடம், அப்புறம்?" என்றார் சந்தானம்.

"அப்புறம் ஈ வாசல்."

"ஈ வாசலா?"

"அந்த நாட்டில ஒரு ஈ இருக்கு. கடிச்சால் தூக்க நோய் வரும். அது ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் போகாமல் ரோட்டுக்குக் குறுக்க ஒரு தடி போட்டு, கையில வலையோட ஒரு ஆள் நிப்பான். போற வாற வண்டியெல்லாத்தையும் சுத்திச் சுத்தி வந்து வலையால தடவுவான். எனக்கு அவசரம், உயிர் போகுது எண்டு கத்துறன். அவன் ஆறுதலா சீற்றுக்குக் கீழ பார்க்கிறான், சில்லுக்குள்ள பார்க்கிறான். ஒரு ஈயும் இல்லை. பிறகு என்ர தலையில வலையைக் கவிழ்த்தான்."

ஜலஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நானும் சிரித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

"அதைத் தாண்டினால் ஆறு. கயிறு பிடிச்சு இழுக்கிற மிதவை. மிதவைக்காரன் அந்தக் கரையில செத்த வீட்டுக்குப் போயிட்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைச்சுப் போச்சு. மருந்துப் பெட்டியைத் திறந்து இரும்புத் தட்டையும் இடுக்கியையும் எடுத்து அடிச்சன். கோயில் மணி மாதிரி அடிச்சன். முக்கால் மணித்தியாலம்."

சுகிர்தா சோபாவில் கட்டுரைத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பதின்மூன்று வயது. பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். தாளைப் புரட்டினாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வெயிட். ஆன்ரி, வேர் யூ தேர்?"

"நான்தானே பிள்ளை…"

"மேர்சி!" டொக்டர் எழும்பிவிட்டார். "கடிதம் கேட்டனீர் அல்லோ. வாரும், இப்பவே எழுதித் தாறன். எல்லாரும் சாப்பிடுங்கோ, ரெண்டு நிமிஷம்."

அவரது அறையில் ஒரு பெரிய மேசை, சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள். கதவைச் சாத்தினார். வார்டுக் குரல் போய்விட்டது.

"என்ன காணும் இது? பிள்ளைக்கு முன்னால?"

"நீங்கள் செய்தது என்ன டொக்டர்?"

"ஒரு கதை. வீட்டில ஒரு கதை சொன்னன். பிள்ளை கட்டுரை எழுதுமெண்டு எனக்குத் தெரியுமோ?"

"கதையை விடுங்கோ. கடிதத்தில என்ன எழுதினீங்கள்? உதவி! எத்தினை பேறுக்கு நீங்கள் வந்தனீங்கள்? வெட்டவேணும் எண்டால் வருவீங்கள். மற்றதெல்லாம் ஆர்?"

"நீர்தான். நான் இல்லை எண்டு சொல்லேல்லையே."

"அப்ப எழுதுங்கோ."

"எழுதேலாது."

"ஏன் ஏலாது?"

அவர் சுவரைக் காட்டினார். "அது எப்படி வந்தது எண்டு நினைக்கிறீர்? நானும் இங்க வந்து அனுபவம் காட்டவேண்டி இருந்தது. ஆஸ்பத்திரிப் பேற்றுப் பதிவைப் பிரதி எடுத்துக் குடுத்தனான். நானூற்றிப் பதினாறு பேறு. எல்லாத்திலயும் பேறு பார்த்தவர் எண்ட இடத்தில ஆற்றை பேர்?"

நான் சுவரில் இருந்த சான்றிதழ்களைப் பார்த்தேன்.

"சொல்லும் மேர்சி. ஆற்றை பேர்?"

"உங்கட பேர்."

"எழுதினது ஆர்?"

"நான்."

"வண்டிக் கொப்பியில, ஓட்டியவர் எண்ட இடத்தில?"

"அதுவும் நான்தான்."

அதுதான் விஷயம். ஒருவரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. மிஷன் வண்டியைத் தாதிமார் ஓட்டக்கூடாது என்பது சட்டம், காப்புறுதிக்காரர் விடமாட்டார்கள். அதனால் வண்டி ஓட்டங்களைப் பதிகிற கொப்பியில் அவர் பெயர். பேற்றுப் பதிவுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. அதிலும் நான் அவர் பெயரையே எழுதினேன். டொக்டர் உள்ளே வந்தால் எழும்பி நிற்கப் பழகியவர்கள் நாங்கள். அவர் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு என் பெயரைப் போடுவது, அவர் கதிரையில் நான் ஏறி இருக்கிற மாதிரி என்று நினைத்தேன். ஒரு பிள்ளை பிறக்கும். கையைக் கழுவுவேன். கழுவிய கையால் என்னை நானே அழித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். நாலு வருஷம். அதற்குப் பெயர் மரியாதை.

"இப்ப நான் உமக்கு உண்மையை எழுதினால்," என்றார், "நான் குடுத்தது பொய் எண்டாகும். விளங்குதே? என்ர லைசென்ஸ், இந்த வீடு, எல்லாம்."

"எனக்கு விளங்குது. நான் கிழவர்களுக்குக் குண்டி கழுவுறது உங்களுக்கு விளங்குதோ?"

"கெட்ட வார்த்தை கதையாதையும்."

"கெட்ட வார்த்தை இல்லை டொக்டர். அதுதான் வேலை. நாளைக்கு விடிய ஏழு மணிக்கும் அதுதான்."

அவர் கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் கொப்பியில என்ர பேர் இல்லாட்டில், அண்டைக்கே உம்மைக் கலைச்சிருப்பாங்கள். நினைச்சுப் பாரும். நான் உம்மைக் காப்பாத்தினனான்."

"காப்பாத்தினீங்களோ? இரவு ஒன்பது மணி. திரும்பி வரேக்க அதே ஆறு, அதே மணல், விளக்கு உடைஞ்சு போச்சு, கடைசிப் பதினைஞ்சு கிலோமீற்றர் கரி விக்கிற ஒருத்தன்ர சைக்கிள் வெளிச்சத்துக்குப் பின்னால ஊர்ந்து வந்தனான். ரெண்டு தரம் விழுந்தனான். உங்கட கட்டில் காலடியில வந்து நிண்டன். போர்வைக்குள்ள இருந்து நீங்கள் முதல் கேட்ட கேள்வி ஞாபகமோ?"

"எனக்குக் காய்ச்சல்."

"'கொப்பியில என்ர பேரை எழுதினீரோ?' அதுதான் கேட்டீங்கள். தாய் உயிரோட இருக்கிறாளோ எண்டு ரெண்டாவதாத்தான் கேட்டீங்கள்."

வெளியே சிரிப்புச் சத்தம். சந்தானம் ஏதோ சொல்லியிருப்பார். டொக்டர் மேசை லாச்சியைத் திறந்து ஆஸ்பத்திரி முகவரி போட்ட தாள் ஒன்றை எடுத்தார்.

"இருபது வேணும் எண்டீர்."

"ஓம்."

"இருபது எழுதுறன். தன் சொந்தப் பொறுப்பில் இருபது பேறு பார்த்தவர் எண்டு. நானூற்றிப் பதினாறில இருபது போனால் ஒருத்தரும் கேட்கமாட்டினம். சரியோ?"

"சரி."

"ஆனால் ஒண்டு." பேனையைத் திறந்தார், எழுதவில்லை. "வெளிய போய், அந்த ஓட்டம் நான் ஓடினது எண்டு சொல்லவேணும். நீர் பின்னால இருந்து வந்தனீர் எண்டு சொல்லும். ஈ வாசல், மிதவை எல்லாம் உமக்கு எப்படித் தெரியும் எண்டதுக்கு அது பொருந்தும். உமக்கும் கதையில ஒரு இடம் இருக்கும்."

"பின் சீற்றில."

"பிள்ளை பரிசு வாங்கியிருக்கிறாள் மேர்சி. என்ர முகத்தைப் பார்க்கிறாள். அந்த ஒரு நாளை விடுமன். உமக்கு வாழ்க்கை முழுக்க இருக்கு."

அந்த ஒரு நாளை விடு. கேட்ட விதம், ஒரு கட்லட் கேட்கிற மாதிரி.

பேசாமல் போய்விடலாம். கார்ச் சாவி கைப்பையில் இருந்தது. போனால் நாளைக்கு மிஸ்டர் யாரோவின் முதுகுப் புண். திங்கட்கிழமையும். இருபது வருஷம் போனாலும்.

"முதல் எழுதுங்கோ," என்றேன்.

எழுதினார். வாசித்தேன். "சொந்தப் பொறுப்பில்" என்பது இருந்தது. இருபது என்பது எழுத்திலும் இலக்கத்திலும் இருந்தது. கையெழுத்து. திகதி. மடித்துக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தேன்.

"வாங்கோ டொக்டர்."

ஹோலில் எல்லோரும் தட்டோடு இருந்தார்கள். சுகிர்தா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. டொக்டர் என் பின்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, நீர் கேட்டனீர் அல்லோ," என்றேன். "ஓம், நான் அங்க இருந்தனான். அப்பாதான் வண்டி ஓடினவர். நான் பின்னால இருந்தனான்."

"ஓ," என்றாள் சுகிர்தா. முகம் மலர்ந்தது. "அப்பா, யூ நெவர் டோல்ட் மீ! ஐ குட் ஹாவ் புட் ஹேர் இன் த எஸ்ஸே."

"அதானே பார்த்தேன்!" என்றார் சந்தானம். "பின்னாடி உக்காந்திருந்தா நன்னா வேடிக்கை பார்க்கலாம். ஓட்டறவனுக்கு ரோடு மட்டும்தான் தெரியும். அதான் சாருக்கு ரிசர்வ் மறந்துடுத்து."

"பயமா இல்லையா மாமி உங்களுக்கு?" என்று கேட்டா ஜலஜா.

"டொக்டர் வடிவா ஓடினவர்," என்றேன். அடுப்படி வாசலில் பத்மராணி அக்கா நின்றா. என் முகத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தா.

"சரி, சரி," டொக்டர் கையைத் தட்டினார். வார்டுக் குரல் திரும்பிவிட்டது. "சுகி, கடைசிப் பக்கத்தை வாசியும். அதுதான் பரிசு வாங்கின பக்கம்."

அவள் எழும்பி நின்று வாசித்தாள். நல்ல ஆங்கிலம். பிள்ளை கெட்டிக்காரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மண் சுவர்க் கிளினிக், வாசலில் காத்திருந்த பெண்கள், தரையில் விரித்த பாய், தாயின் காலடியில் முழங்காலிட்ட அப்பா. கையை உள்ளே விட்டுப் பிள்ளையைத் திருப்பினார். திருப்பி, காலைப் பிடித்து, மெல்ல மெல்ல இழுத்தார். கடைசி வரி வந்தது. அதற்காக மூச்சு எடுத்தாள்.

"அண்ட் தென் த செகண்ட் பேபி க்ரைட்."

பிறகு இரண்டாவது பிள்ளை அழுதது, என்று.

எல்லோரும் கை தட்டினார்கள். ஜலஜா கண்ணைத் துடைத்தா.

"இல்லை," என்றேன்.

முதலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன், பலமாக. கை தட்டல் அறுந்தது.

"ரெண்டாவது பிள்ளை அழேல்லை. செத்துத்தான் பிறந்தது. நாங்கள் போகமுன்னமே செத்துப் போச்சு. தாய் பிழைச்சாள். பிள்ளை அழேல்லை."

"மேர்சி!" என்றார் டொக்டர்.

"பட் அப்பா செட்…" சுகிர்தாவின் கையில் தாள் தொங்கியது. "ஹௌ டூ யூ நோ?"

"என்ர கையிலதான் கிடந்தது பிள்ளை. ஒரு மணித்தியாலம் வைச்சிருந்தனான். கழுவித் துடைச்சுத் தாயிட்டக் காட்டினது நான். காட்டச் சொல்லித் தாய் கேட்டவள். நீர் பிழையா ஒண்டும் எழுதேல்லை. உமக்குச் சொன்னதை எழுதினீர். அழுதது எண்டு சொல்லித் தந்தது பிழை."

"அவவுக்கு வேறை ஒரு நாள் ஞாபகம்," என்றார் டொக்டர் விருந்தினர் பக்கம் திரும்பி. "எத்தினை பேறு பார்த்திருப்பம், மாறிப் போயிடும்." பிறகு என்னிடம், மெதுவாக, பல்லுக்குள்: "அந்தக் கடிதத்தில ஒரு சின்னத் திருத்தம் இருக்கு. தாரும் ஒருக்கா."

கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"திருத்தம் ஒண்டும் இல்லை. நான் வாசிச்சுத்தான் வாங்கினனான்."

"நாங்கள் என்ன பேசினனாங்கள்?"

"பேசினது ஓட்டத்தைப் பற்றி. குடுத்திட்டன், வைச்சிருங்கோ. பிள்ளையைப் பற்றிப் பேசேல்லை." எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "அந்தக் கடிதம் பிழை எண்டு ஆருக்கும் எழுத விருப்பமெண்டால் எழுதுங்கோ டொக்டர். ஏன் பிழை எண்டு கேட்பாங்கள், அதையும் எழுதுங்கோ."

நீட்டிய கை கீழே போனது. சந்தானம் தன் தட்டில் இருந்த கட்லட்டை உலகத்தில் இல்லாத அதிசயம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்னா, நாம கிளம்பலாமா?" என்றா ஜலஜா, வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாதபோது.

நான் வாசலைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வெளியே நல்ல வெயில். என் பழைய கார் வரிசையில் கடைசியாக, தபால் பெட்டியை ஒட்டி நின்றது. கதவைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம்.

"நில்லும்!" பத்மராணி அக்கா. மூச்சு வாங்கியது. "உமக்கு மனச்சாட்சி இல்லையே? பிள்ளைக்கு முன்னால! அவள் அறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிட்டாள்."

"கதவைத் தட்டி உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. திறப்பாள்."

"உமக்கு வேணுமெண்டது கிடைச்சுதுதானே? வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாமே!"

"நாலு வருஷம் மூடினனான். அதுக்குப் பிறகும் மூடினனான். இண்டைக்கும் அரை மணித்தியாலம் மூடினனான். எவ்வளவுக்குத்தான் மூடுறது?"

அக்கா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"என்னட்ட ரெண்டு பிள்ளையும் சுகம் எண்டுதானே சொன்னவர்," என்றா கடைசியில். "அடுத்த நாள் காலமை நான் கேட்டனான். ரெண்டும் சுகம் எண்டவர்."

"நான் பக்கத்து வீட்டிலதானே இருந்தனான் அக்கா. என்னைக் கேட்கேல்லையே நீங்கள்."

"அவர் சொன்னாப் பிறகு உம்மை என்னத்துக்குக் கேட்கிறது?"

"அதுதான். ஒருத்தரும் என்னத்துக்கு என்னைக் கேட்கிறது?"

காருக்குள் ஏறி இருந்தேன். கைப்பையைப் பக்கத்துச் சீற்றில் வைக்காமல் மடியிலேயே வைத்தேன். இயந்திரம் கிளம்பியபிறகும் அக்கா கதவை விடவில்லை.

"மேர்சி, ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

"பொம்பிளைப் பிள்ளை."

அக்காவின் கை கதவிலிருந்து வழுகியது. எனக்கு இரக்கம் வரவில்லை. ஏழு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்விக்கு இரக்கம் வருமோ?

"கையை எடுங்கோ அக்கா," என்றேன், எடுத்தபிறகும். "சனிக்கிழமை. தபால் கந்தோர் ஒரு மணிக்குப் பூட்டிப் போடுவாங்கள்."